சபா கேண்டீனில் என்ன அரிசி?

மார்கழியில் எங்கள் பக்கம் சம்பா கதிர் வாங்கி நிற்கும். இரண்டு களை எடுத்து முடித்திருப்போம். தண்ணீர் கட்டுவது, மழை பெய்தால் வடிப்பது, எலிக்குத் தஞ்சாவூர் கிட்டி வைப்பது, இவ்வளவுதான் மிச்ச வேலை. அதை என்னைவிட நன்றாகச் செய்ய ஊரில் ஆள் இருக்கிறது. ஆகவே வருஷத்தில் பத்து நாள் எனக்கு லீவு. மயிலாடுதுறையில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன்பே எழும்பூரில் இறக்கிவிடும். பெயர் பொருத்தத்தைப் பாருங்கள், உழவனை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கச்சேரிக்குப் போகிறது.

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் பதினோரு வருஷம் சென்னையில் இருந்தேன். டிசம்பர் சீசன் பைத்தியம் அப்போது பிடித்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்து, நாலு ஏக்கரில் இயற்கை வழியில் நெல் போட ஆரம்பித்த பிறகும் அது விடவில்லை. நம் இயக்கத்தின் மாதக் கூட்டத்தில் நான் சென்னை போகிறேன் என்று சொன்னால் ராகம், தாளம் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்பது ஒன்றே ஒன்றுதான். "அங்க பத்து நாளு எங்க சார் சாப்பிடுவீங்க?"

நியாயமான கேள்வி. சொந்த வயலில் விளைந்ததைத் தின்று பழகிவிட்ட நாக்குக்கும் வயிற்றுக்கும் பத்து நாள் ஓட்டல் சாப்பாடு என்பது பெரிய சோதனை. நம்மில் இசை கேட்கப் போகிறவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். கூடவே இந்த இரண்டு மூன்று வருஷமாக என் மனதில் ஓடும் ஒரு கணக்கையும் எழுதுகிறேன். வங்கிக்காரன் புத்தி போகாது.

முதலில் சபா கேண்டீன். இது எப்படி இவ்வளவு பெரிய விஷயமாச்சு என்று வெளியூர்க்காரர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது அதையொட்டி ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து பிறந்ததுதான் மியூசிக் அகாடமி, 1928இல். டிசம்பர் கடைசியை ஒட்டி வருஷாவருஷம் கச்சேரிகள் நடக்க, மற்ற சபாக்களும் அதே மாதத்தைப் பிடித்துக்கொண்டன. ஆனால் சாப்பாட்டுக்குக் காரணம் வேறு. மார்கழியில் நம் ஊரில் கல்யாணம் கிடையாது. கல்யாணம் இல்லையென்றால் பெரிய பெரிய சமையல்காரர்களுக்கு வேலை இல்லை. பாத்திரம், அடுப்பு, ஐம்பது அறுபது ஆட்கள், எல்லாம் ஒரு மாதம் சும்மா கிடக்கும். அந்த மாதத்தில்தான் ஊர் முழுக்க நாள் பூராவும் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் கூட்டம் பசியோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்துகொண்டது. அறுசுவை நடராஜன், மவுண்ட்பேட்டன் மணி ஐயர், ஞானாம்பிகா என்று கல்யாணச் சமையலில் பேர் வாங்கியவர்கள் சபா வாசலில் பந்தல் போட்டது இப்படித்தான். ஆயிரம் பேருக்குச் சமைக்கும் கை, பணம் கொடுத்தால் யாருக்கும் பரிமாறும். பத்திரிகை கொண்டுவந்து அழைக்க வேண்டியதில்லை.

வாழை போட்டிருக்கும் நம் நண்பர்களுக்கு இது இன்னொரு வகையில் தெரியும். கார்த்திகை முகூர்த்தங்களில் ஏறிய இலை விலை மார்கழி பிறந்ததும் பொத்தென்று விழும். கட்டு அறுக்கிற கூலிகூட வரவில்லை என்று மரத்திலேயே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. சபா கேண்டீன்கள் எடுக்கும் இலை அந்தச் சரிவைத் தாங்கிப் பிடிக்கும் அளவுக்குப் பெரிது இல்லை. ஆனாலும் அந்த மாதத்தில் தலைவாழை இலை போட்டுச் சோறு போடுகிற இடங்கள் அவை. அதற்காகவே தட்டில் டிபன் சாப்பிடுவதைவிட இலையில் சாப்பாடு சாப்பிடுவது என் கட்சி.

எந்த சபா கேண்டீன் நல்லது என்று கேட்பார்கள். அகாடமி, நாரத கான சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், தியாகராய நகரில் கிருஷ்ண கான சபா, வாணி மகால் என்று பெயர் அடுக்கலாம். ஆனால் சமையல் காண்டிராக்ட் மாறிக்கொண்டே இருக்கும். போன வருஷம் இங்கே இருந்தவர் இந்த வருஷம் எதிர் சபாவில் இருப்பார். அதனால் சபாவின் பெயரை விட்டுவிட்டு, இந்த வருஷம் அங்கே யார் சமைக்கிறார் என்று விசாரியுங்கள். முதல் இரண்டு நாளிலேயே சேதி பரவிவிடும். பக்கத்து நாற்காலி மாமிகளிடம் கேட்டால் யார் பாட்டு சுமார் என்பதைவிட எந்த ரசம் சுமார் என்பதைத் துல்லியமாகச் சொல்வார்கள்.

நேரம் முக்கியம். பதினொன்றரைக்குள் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட வேண்டும். அப்போதுதான் பொரியல் பொரியலாக இருக்கும், அப்பளம் சத்தம் போடும். ஒரு மணிக்கு மேல் போனால் நம் முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நிற்பார். அவர் மூச்சு நம் கழுத்தில் படும், ரசத்தை எப்படி ரசிப்பது? சீக்கிரம் சாப்பிட்டுவிட்டால் இன்னொரு லாபம். மதியக் கச்சேரிகளுக்குப் பெரும்பாலும் டிக்கெட் கிடையாது. இளம் பிள்ளைகள் பாடுவார்கள். நான் ரசித்துக் கேட்ட பல கச்சேரிகள் அந்த நேரத்தில் கேட்டவை. உண்ட மயக்கத்தில் அரைமணி தூங்கினாலும் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் எழுந்து கேண்டீனுக்கு ஓடுகிற கூட்டத்தில் சேராதீர்கள். ஒரு மிருதங்க வித்துவான் இரண்டு மணிநேரம் பாடகருக்குப் பின்னால் உழைத்துவிட்டு, தனக்கென்று கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் வாசிக்கிறார். அப்போது பார்த்து ரவா தோசைக்காக முதுகைக் காட்டுவது என்ன மரியாதை? களை எடுக்கும்போதெல்லாம் கூட நின்றுவிட்டு அறுப்பன்று வயலைப் பார்க்காமல் போவது மாதிரி. ரவா தோசை எங்கேயும் போய்விடாது. போனாலும் அடை இருக்கும்.

இனி காலை உணவு. சபா கேண்டீன்களில் காலையிலேயே அடுப்பு எரிவதுண்டு என்றாலும் நான் காலையை மயிலாப்பூருக்கு ஒதுக்கிவிடுவேன். பாபநாசம் சிவன் ஆரம்பித்து வைத்த மார்கழி பஜனை இன்றும் கபாலி கோயில் மாட வீதிகளில் நடக்கிறது. டிக்கெட் இல்லை, மைக் இல்லை. பனியில் நடந்துகொண்டே கேட்கலாம். முடிந்ததும் பொங்கல் கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் ராயர் மெஸ். கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில் இருக்கிறது. (கச்சேரி ரோடு என்றதும் பாட்டுக் கச்சேரி என்று நினைத்துவிடாதீர்கள். இது தாலுகா கச்சேரி என்கிறோமே, அந்தக் கச்சேரி.) சின்ன இடம், வாசலில் காத்திருக்க வேண்டும். இட்லி, பொங்கல், வடை, கெட்டிச் சட்னி. பட்டியல் அதற்கு மேல் நீளாது. பட்டியல் நீளாத கடையை நான் நம்புவேன். அன்றைக்கு அரைத்தது அன்றைக்கே தீர்ந்துவிடும்.

சாயங்காலம் கிழக்கு மாட வீதியில் கற்பகாம்பாள் மெஸ்ஸில் கீரை வடை, அடை அவியல். தெற்கே நடந்து வந்தால் காளத்தி கடை ரோஸ் மில்க். ரோஸ் மில்க்கில் நமக்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். எனக்கும் தெரியும், கலரும் சர்க்கரையும்தான். பதினோரு வருஷப் பழக்கம், வருஷத்துக்கு ஒரு தம்ளர், இதற்கெல்லாம் கணக்குக் கேட்கக் கூடாது. திருவல்லிக்கேணி பக்கம் போகிறவர்களுக்கு ரத்னா கபே இருக்கிறது. 1948இலிருந்து இட்லியைச் சாம்பாரில் முக்கிக் கொடுக்கிறார்கள். சாம்பார் கேட்கக் கேட்க ஊற்றுவார்கள்.

பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழிசைச் சங்கத்தின் விழா நடக்கும். 1943இல் தொடங்கிய சங்கம். தமிழ்ப் பாட்டு கேட்க வேண்டும் என்பவர்கள் அங்கே ஒரு நாளாவது போக வேண்டும். அந்தப் பக்கத்தில் சாயங்காலமானால் பர்மா அத்தோ தள்ளுவண்டிகள் நிற்கும். பர்மாவிலிருந்து திரும்பி வந்த நம் ஜனங்கள் கொண்டுவந்த சாப்பாடு. நான் அத்தோ சாப்பிடுவதில்லை, அதோடு கொடுக்கிற வாழைத்தண்டு சூப்புக்காகப் போவேன். சபா கேண்டீனில் வாழைத்தண்டு பச்சடியாக ஒரு கரண்டி வரும். இங்கே கிண்ணம் நிறைய, சூடாக, மிளகு தூக்கலாக. பத்து நாள் அக்காரவடிசலும் அல்வாவும் தின்ற வயிற்றுக்கு அதுதான் மருந்து.

கையில் காசு குறைவாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சபா இலைச் சாப்பாடு இப்போது சில நூறு ரூபாய். இரண்டு வேளை அங்கேயே சாப்பிட்டால் ஒரு மூட்டை நெல் பத்து நாளில் காணாமல் போய்விடும் என்று சொன்னால் குறைத்துச் சொல்வதாகும். நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் இலையில் உட்காருவேன். மற்ற நாளில் அம்மா உணவகம். 2013இல் சென்னையில் ஆரம்பித்தது. இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். துப்புரவுத் தொழிலாளர்கள், ஆட்டோக்காரர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் என்று நின்றுகொண்டே சாப்பிடுவோம். நாம் கொள்முதல் நிலையத்தில் கொட்டிவிட்டு வருகிற நெல், நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் வழியாக அரிசியாகி அங்கேதான் வருகிறது. டெல்டாவின் நெல்லைச் சென்னையில் நிச்சயமாகச் சாப்பிட வேண்டுமானால் அதுதான் இடம். கல் இருக்கும், சில நாள் வாடையும் இருக்கும். அது நெல்லின் குற்றம் இல்லை. மழையில் நனைந்து கிடந்த குவியலை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

சபா இலையில் இருக்கும் சோறு எங்கே விளைந்தது? அது யாருக்கும் தெரியாது. இங்கேதான் என் கணக்கு ஆரம்பிக்கிறது.

அதற்கு முன் இலையில் மற்றதைப் பார்த்துவிடலாம். நான் முதலில் பார்ப்பது அவியல். மார்கழி என்பது அவரை, மொச்சை, பறங்கி, பூசணி, சேனை, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் எல்லாம் கிடைக்கும் மாதம். திருவாதிரைக்குக் களியோடு செய்கிற ஏழுகறிக் கூட்டு இந்தக் காய்களுக்காகவே பிறந்தது. அந்த மாதத்தில் ஒருவர் அவியலில் கேரட்டும் பீன்ஸும் நிரப்பினால், வெட்டுவதற்குச் சுலபம் என்று அர்த்தம். நல்ல சமையல்காரர் சேனையும் வாழைக்காயும் பூசணியும் போட்டிருப்பார். அடுத்தது சாம்பார். மார்கழியில் நம் முருங்கை காய்க்காது. மழை பூவை உதிர்த்திருக்கும். கோயம்பேட்டில் அப்போது இருப்பது வடக்கே இருந்து லாரியில் வந்த காய், விலையும் தங்கம். ஆகவே முருங்கைக்காய் சாம்பார் போட்டு அசத்துகிறவரைவிட பறங்கிக்காய் சாம்பார் போடுகிறவர் எனக்கு நெருங்கியவர். இப்போது சிறுதானியமும் வந்துவிட்டது, சாமைப் பொங்கல், வரகுப் பொங்கல். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் பச்சரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று தீட்டிய சாமையைப் போட்டு ஆரோக்கியம் என்று எழுதி வைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். உமியோடு சத்தையும் சேர்த்து மில்லிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறது.

சோறு மட்டும் பெரும்பாலும் ஒரே மாதிரி. வெள்ளை, மெல்லிசு, உதிரி. நெய்யும் பருப்பும் குழம்பும் வாசனை தருகிற வரைக்கும் அதற்கென்று வாசனை கிடையாது. மோருக்கு வரும்போது தெரிந்துவிடும்.

சுருதி ஒரு இழை விலகினால் முகம் சுளிக்கிற ரசிகர்கள். இது தோடியா, இதில் காந்தாரம் எப்படி என்று அரைமணி பேசுவார்கள். காபிக்கு டிகாக்ஷன் இரண்டாவதா முதலாவதா என்று கண்டுபிடிப்பார்கள். இலையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் சோறு என்ன ரகம் என்று ஒருத்தர்கூடக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கணக்கைப் பாருங்கள். ஒரு சாப்பாட்டுக்கு 150 கிராம் அரிசி என்று வைத்துக்கொள்வோம். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை வாங்குகிறவருக்கும் அது போதும். அதற்குக் கிட்டத்தட்ட கால் கிலோ நெல். 2025–26 கொள்முதல் பருவத்துக்கு சன்னரக நெல் குவிண்டாலுக்கு ஊக்கத்தொகையும் சேர்த்து 2,545 ரூபாய். கால் கிலோவுக்கு ஆறு ரூபாய் சொச்சம். சில நூறு ரூபாய் இலையில் நெல் போட்டவனுக்குப் போவது அந்த ஆறு ரூபாய். அதிலும் விதை, உழவு, நடவு, அறுப்பு கழிய வேண்டும். சமையல்காரர் கொள்ளை அடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. இடவாடகை, ஆட்கூலி, கேஸ், எண்ணெய், நெய் எல்லாம் அவர் தலையில்தான். நான் சொல்ல வருவது வேறு. அரிசி நல்ல அரிசியாக மாறினால் இலையின் விலை எவ்வளவு ஏறும்? கிலோ 60 ரூபாய் அரிசிக்குப் பதில் 85 ரூபாய்க்கு இயற்கையில் விளைந்த தூயமல்லி வாங்கினால் இலைக்கு 3 ரூபாய் 75 காசு. வெற்றிலை பாக்குச் செலவுகூட இல்லை.

இதைப் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு கேண்டீன் சமையல்காரரிடமே கேட்டேன். பெயர் வேண்டாம். மூன்று தலைமுறையாகச் சமையல். பந்தி ஓய்ந்து அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து காபி குடிக்கிற நேரம். நான் விவசாயி என்றதும் இடம் விட்டு உட்காரச் சொன்னார்.

"சார், எனக்குத் தெரியாத அரிசியா? எங்க தாத்தா கிச்சிலிச் சம்பாவைத் தவிர வேற அரிசிய அண்டாவுல போட மாட்டார். நான் மாட்டேன்னு சொல்லல. நீங்க கொண்டு வர்றது புது அரிசி. புது அரிசி குழைஞ்சிடும். எண்ணூறு பேருக்கு வடிக்கிறேன், ஒரு அண்டா குழைஞ்சா என் மானம் போச்சு."

"பழைய அரிசியாவே கொண்டு வந்தா?"

"எவ்ளோ பழசு?"

"தையில அறுத்தது."

அவர் விரல் விட்டு எண்ணினார். தை, மாசி, பங்குனி என்று மார்கழி வரை. பதினோரு மாசம். "அதுதான் சார் பக்குவம். பழைய அரிசி தண்ணி குடிக்கும், சோறு காணும். ஆனா எந்தச் சம்சாரி பதினோரு மாசம் நெல்ல வெச்சிண்டு இருக்கான்?"

கேட்டுவிட்டுக் காபியை முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். நான் அடுத்த கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தேன். யார் பாடினார்கள் என்று இப்போது நினைவில் இல்லை.

நம் சம்பாவின் காலமும் சபாக்களின் காலமும் பொருந்துகிற பொருத்தத்தை யோசித்துப் பாருங்கள். தூயமல்லி சுமார் 135–140 நாள் பயிர். ஆவணியில் விதைத்தால் தையில் களத்துக்கு வந்துவிடும். நெல்லாகவே காயவைத்து வைத்தால் கோடை முழுக்க இறுகும். மார்கழிக்குக் கொஞ்சம் முன்னால் அரைத்தால் சமையல்காரர் கேட்கிற அதே பதம். நம் பாட்டிமார்கள் குதிரில் போட்டு நொச்சித் தழையும் வேப்பந்தழையும் வைத்துக் காப்பாற்றியது இந்த அரிசியைத்தான். புதுநெல் பொங்கலுக்கு, பழைய நெல் சாப்பாட்டுக்கு என்பது வீட்டு வழக்கமாகவே இருந்தது. பொங்கல் பானையில் குழைவது அழகு. பந்தியில் குழைந்தால் அவமானம்.

அடுத்த தையில் எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரிடம் பேசினேன். ஊரில் என்னை பேங்க் சார் என்பார்கள். கணக்குச் சொன்னால் கேட்பார்கள், கேட்டதற்காகச் செய்துவிட மாட்டார்கள். ஒருத்தர் எழுந்து சொன்னார்: "தையில கடன்காரன் வாசல்ல நிக்கிறான். நகை பேங்க்ல இருக்கு. பொங்கலுக்குப் புள்ளைங்களுக்குத் துணி எடுக்கணும். இப்ப போயி நெல்ல மார்கழி வரைக்கும் கட்டி வையின்னா எப்படி சார்? ஒங்களுக்குப் பென்சன் வருது." அதில் ஒரு சொல்லைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை. கடைசியில் மூன்று பேர் மட்டும் ஆளுக்கு ஒரு மூட்டை வைத்தோம்.

நூறு கிலோ அரிசி தேறியது. டிசம்பரில் அந்தச் சமையல்காரரிடம் கொண்டுபோனேன். கையில் அள்ளிப் பார்த்தார், நாலு மணியை வாயில் போட்டுக் கடித்தார், ஒரு பிடியைத் தனியாக வடிக்கச் சொன்னார். வழக்கத்தைவிடத் தண்ணீர் கூடப் பிடித்தது, நேரமும் கூட. ஒரு நாள் பந்திக்கு அதையே போட்டார். பலகையில் எழுதவில்லை, யாருக்கும் சொல்லவில்லை. பெரும்பாலோர் கவனிக்கவே இல்லை. வயசான அம்மா ஒருத்தர் மட்டும் பரிமாறுகிற பையனை நிறுத்தி, "தம்பி, இன்னிக்கு அரிசிய மாத்திட்டேளா? மோர் சாதம் எங்க ஊர்ல சாப்பிட்ட மாதிரி இருக்கு" என்றார். பையனுக்கு ஒன்றும் தெரியாது. "உள்ள கேக்கணும் மாமி" என்று வாளியோடு போய்விட்டான். நான் இரண்டு இலை தள்ளி உட்கார்ந்திருந்தேன்.

சமையல்காரர் பணத்தை அன்றே கொடுத்துவிட்டார். அதோடு நிபந்தனைகளையும் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு மூட்டை, அடுத்த நாள் வேறு மூட்டை என்பது ஆகாது. சீசன் முழுவதற்கும் ஒரே ரகம், ஒரே சேர்மானம், ஒரே காய்ச்சல். கல் இருக்கக் கூடாது. மார்கழி பிறப்பதற்குள் மொத்தமும் அவர் கிட்டங்கியில் இருக்க வேண்டும்.

மொத்தம் எவ்வளவு? சராசரி நாளைக்கு 500 இலை, 18 நாள் என்று போடுங்கள். 1,350 கிலோ அரிசி. அதற்கு 60 கிலோ மூட்டையில் 36 மூட்டை நெல். எங்கள் மண்ணில் தூயமல்லி ஏக்கருக்கு 15 மூட்டை காணும். ஆக, ஒரு சபா கேண்டீனின் சீசன் முழுவதற்கும் வேண்டியது இரண்டரை ஏக்கர் வெள்ளாமை. பெரிய கம்பெனி வேண்டாம், இரண்டு சிறு விவசாயிகள் போதும்.

அந்த 36 மூட்டையைத் தையில் கொள்முதல் நிலையத்தில் போட்டால் சுமார் 55,000 ரூபாய். வைத்திருந்து அரிசியாக 85 ரூபாய்க்கு விற்றால் 1,14,750. அரவை, கல் நீக்குவது, சாக்கு, லாரி எல்லாவற்றுக்கும் 15,000 தள்ளுங்கள். 55,000 ரூபாய் பதினோரு மாதம் முடங்கிக் கிடப்பதற்கு 9 சதவீத வட்டி போட்டால் 4,500 சொச்சம், அதையும் தள்ளுங்கள். பூச்சி, எலி, காய்ச்சலில் குறைவது என்று ஒரு மூட்டை இரண்டு மூட்டை போகட்டும். அப்படியும் கொள்முதல் விலையைவிட முப்பதாயிரத்துக்குக் குறையாமல் நிற்கிறது. தடை வட்டி இல்லை. தையில் கையில் வரவேண்டிய காசு.

அதற்கு எங்கள் பக்கம் இரண்டு வழி பார்க்கிறோம். ஒன்று, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல்லை வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்குவது. இருப்பு வைக்கக் காலக்கெடு உண்டு என்பதால் ஆடிக்கு மேல் வேறு இடம் பார்க்க வேண்டும். இன்னொன்று, சமையல்காரரே தையில் பாதிப் பணம் கொடுத்து நெல்லை நம்மிடமே விட்டுவைப்பது. இரண்டாவதைப் பேசியபோது அவர் சிரித்தார். "அடுத்த வருஷம் எந்த சபா எனக்குக் குடுப்பான்னு எனக்கே தெரியாது சார்" என்றார். அவருக்கும் நம்மைப் போலத்தான், போன வெள்ளாமை கைக்கு வந்தால்தான் அடுத்தது. ஆனால் தை, மாசியில் அவருக்குக் கல்யாணங்கள் உண்டு. சபா போனாலும் முகூர்த்தப் பந்திக்கு அதே அரிசி ஆகும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். யோசிக்கிறேன் என்றார்.

இந்தத் தையில் பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் நெல் வைத்தோம். 14 மூட்டை, எல்லாம் தூயமல்லி, எல்லாம் ஒரே களத்தில் காயவைத்தது. பொங்கலுக்குத் துணி எடுக்க வேண்டும் என்று எழுந்து பேசியவர் அந்த ஐந்து பேரில் ஒருவர். இரண்டு மூட்டை வைத்திருக்கிறார். அவருக்கு மட்டும் முன்பணம் நாங்கள் நாலு பேர் போட்டுக் கொடுத்தோம். 14 மூட்டை என்றால் ஏழு நாள் பந்தி. ஏழு நாளுக்கு அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். போன வாரம் அரைத்து வந்துவிட்டது, குருணை நீக்கிக் கட்டி வைத்திருக்கிறோம். மார்கழி முதல் தேதிக்குள் சென்னை போய்ச் சேர வேண்டும்.

நான் டிசம்பர் 18 முதல் 27 வரை மயிலாப்பூரில் இருப்பேன். 30ஆம் தேதி நம்மாழ்வார் ஐயா நினைவு நாள், அதற்குள் வானகம் போய்விட வேண்டும். கச்சேரிக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால் இயக்க அலுவலகத்தில் சொல்லுங்கள். ஒரு நாள் சேர்ந்து சாப்பிடலாம், எந்தப் பந்தலில் நம் அரிசி வேகிறது என்று நேரில் காட்டுகிறேன். பதினொன்றரைக்கு முன்னால் வந்துவிடுங்கள்.